விரத நாளில் வெந்த மீன்

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மீன் வெந்தது. வேகவைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது நாளுக்கு மேல், நாளுக்கு இரண்டு வேளை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களின் வீட்டு வரிசையான எங்கள் லைனில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்த மீனை நானே தின்றேன் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வருகிற ரயில் எந்தத் தண்டவாளத்தில் ஏற வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி கம்பியை இழுத்துவிட வேண்டும். ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டங்களிலிருந்து ஜனங்களை மூட்டை முடிச்சோடு கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்வேயிலும் ஆள்குறைப்பு வந்தது. ஆபீஸ் சுவரில் முதல் பட்டியலை ஒட்டினார்கள். அதில் அவர் பெயர் இல்லை. ஆனால் இரண்டாவது பட்டியல் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வேலை போனால் ரயில்வே கொடுத்த குவாட்டர்ஸ் வீடும் போகும். அன்று சாயங்காலமே அவர் குளித்துவிட்டு வந்து, பத்துமலை முருகனுக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். எங்கள் லைனில் அவரோடு சேர்த்து ஆறு பேர் வேண்டிக்கொண்டார்கள். ஆறு பேருக்கும் ஒரே பயம்.

நாற்பத்தெட்டு நாள் விரதம். காவடி எடுப்பவர் மட்டும் இருந்தால் போதாது, அவருக்குச் சமைக்கிற வீடே சுத்தமாக இருக்க வேண்டும். பழைய சட்டியெல்லாம் வெளியே போனது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தோம், அம்மியைக் கழுவினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு பெரிய பிஸ்கோத்து டின் நிறையக் கருவாடும் நெத்திலியும் இருந்தன. அவற்றை வீட்டில் வைக்கக் கூடாது. எடுத்து வீச எனக்கு மனசு வரவில்லை.

எங்களிடம் ஒரு பூனை இருந்தது. செம்பட்டை நிறத்தில் ஒரு கடுவன், ஒரு காது கிழிந்தது. ஒரு மழை நாளில் தானாக வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் கிடையாது, "டேய்" என்று கூப்பிட்டால் வரும். அந்த டின்னைப் பின்வாசலில் வைத்துக்கொண்டு, கருவாட்டையும் நெத்திலியையும் அள்ளி அள்ளி அதற்குப் போட்டேன். எட்டு ஒன்பது நாளில் டின் காலி. வீசாமல் ஒரு உயிருக்குப் போட்டோம், வீடும் சுத்தமானது என்று எனக்கு ஒரே பெருமை. லைனில் இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பெண்களும் தங்கள் டின்களைக் கொண்டுவந்து அதன் முன்னால் கவிழ்த்தார்கள். ஊர்க் கருவாடு முழுவதும் ஒரு பூனை வயிற்றுக்குள் போனது.

விரதம் தொடங்கி இரண்டாவது வாரம் அது சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. எழுந்தது, நாலு அடி நடந்தது, மறுபடி உட்கார்ந்தது. ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை சிமெண்டுத் தரையில் சிவப்பாக இரண்டு சொட்டு இருந்தது. பூனை என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. அதுவரை அதனிடம் நான் கேட்டிராத குரல். இது மலச்சிக்கல் இல்லை, நீர்க்கடுப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

நீர்க்கடுப்பு என்றால் உடம்புச் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி, இதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். மோரைக் கரைத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வைத்தேன். உப்பு! இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பார்லித் தண்ணீர் காய்ச்சினேன், இளநீர் வாங்கினேன். எதையும் அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "தொப்புள்ள வெளக்கெண்ண வையி, சூடு எறங்கிரும்" என்றாள். பூனைக்குத் தொப்புள் எங்கே இருக்கிறது என்று அரைமணி நேரம் தேடினோம். அவள் காலைப் பிடித்துக்கொள்ள, நான் வயிறு முழுக்கத் தடவிவிட்டேன். அது சுவரோரம் போய் உட்கார்ந்து, தடவிய விளக்கெண்ணெய் அவ்வளவையும் நக்கித் தின்றது. அதற்கப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். நீர் இறங்கவில்லை, மற்றதெல்லாம் இறங்கியது.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னாலேயே குவாட்டர்ஸுக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரரும் காவடி எடுக்கிற ஆறு பேரில் ஒருவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளோடுதான் நான் சண்டை போட வேண்டி வந்தது.

எங்கள் லைனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வங்காளியின் மாட்டுக் கொட்டகை இருந்தது. வங்காளி என்று நாங்கள் சொல்வது தலைப்பாகை கட்டின பஞ்சாபியைத்தான். அங்கே சனிக்கிழமை காலையில் மாட்டாஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் வருவார், தமிழர். மார்க்கெட்டுக் கூடையில் பூனையை வைத்து, மேலே ஒரு துண்டைக் கட்டி, தூக்கிக்கொண்டு போனேன். கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் மாட்டுக்குப் பாக்குறவன்மா" என்றார் டிரஸ்ஸர்.

"மாட்டுக்கும் மூத்திரம் இதே வழியாத்தானேய்யா வருது? பாருங்க" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அடிவயிற்றில் கை வைத்ததும் சிரிப்பு நின்றது. எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருந்தது. இரண்டு விரலால் மெதுவாக, விட்டுவிட்டுத் தடவி அழுத்தினார். கடைசியில் ரத்தமும் மணலுமாக ஒரு பீச்சல், அவர் சட்டை மேலேயே. நான் பதறிப் போனேன். அவர் சட்டையைப் பார்க்கவே இல்லை. விரலில் ஒட்டிய மணலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, "என்ன தின்னுது இது?" என்று கேட்டார்.

சொன்னேன். டின்னையும் சொன்னேன், மற்ற வீட்டு டின்களையும் சொன்னேன்.

"அதான். பூனை தாகம்னு தண்ணி குடிக்கிற சாதி இல்லம்மா. திங்கிறதுலருந்துதான் அதுக்குத் தண்ணி போவணும். நீ காஞ்சதாவும் உப்பாவும் போட்டா உள்ள கல்லு கட்டாம என்ன செய்யும்? இனிமே கருவாடு கண்ணுல காட்டாதே. பச்சை மீன் வாங்கி, உப்புப் போடாம, தண்ணி நெறய வெச்சு வேகவிடு. மீனு கொஞ்சம், தண்ணி ஜாஸ்தி. அந்தத் தண்ணியோட பெசஞ்சு குடு. ரெண்டு வேளை, ஒரு நாள் தவறக் கூடாது."

"விரத வீடுங்கய்யா. பாலும் சோறும் குடுத்தாப் பத்தாதா?"

"அது திங்காது. தின்னாலும் பிரயோசனம் இல்ல. மறுபடி அடைச்சுச்சுன்னா ரெண்டு மூணு நாளு, அவ்வளவுதான்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "விரதம் யாருக்கு? பூனையா காவடி எடுக்குது?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என் மனதில் ஓடியது. பூனை காவடி எடுக்கவில்லை. அதற்கு வேண்டுதல் இல்லை, பட்டியல் பயம் இல்லை. எங்கள் வீட்டைச் சுத்தமாக்குவதற்காக அதன் வயிற்றை நான் குப்பைத்தொட்டி ஆக்கினேன். என் சுத்தத்தால்தான் அது சாகக் கிடக்கிறது. அதே சுத்தத்தைச் சொல்லி மருந்தையும் மறுத்தால் நான் என்ன மனுஷி? மார்க்கெட்டுப் பக்கம் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எந்த மீன் என்பதில்தான் சிக்கல். கிள்ளான் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிற கடல் மீனில், கெட்டுப் போகாமல் இருக்க உப்புத் தூவியிருப்பார்கள். எதில் தூவியிருக்கிறார்கள், எவ்வளவு என்பது வாயில் வைத்தால்தான் தெரியும். நானும் விரதத்தில் இருக்கிறேன், மீன் வெந்த தண்ணீரை நாக்கில் வைக்க மாட்டேன். கெம்போங் என்று இங்கே சொல்கிற கானாங்கெளுத்தியைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கீழே வைத்தேன். இறால் தலை மலிவாகக் குவிந்து கிடந்தது. அதிலும் கடலுப்பு. மீன் விற்கிற சீனத்துப் பெண் என்னை வினோதமாகப் பார்த்தாள். வருஷா வருஷம் அந்த மாதத்தில் தமிழ்ப் பெண்கள் அவள் பக்கமே வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி, இந்த மாசம் நீ சாயூர் மட்டும்தானே?" என்றாள். சாயூர் என்றால் காய்கறி.

கூடையைத் திறந்து காட்டினேன். "குச்சிங் சாக்கிட்" என்றேன். பூனைக்கு நோய் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

அவள் பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த மரத்தொட்டியைக் காட்டினாள். ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் பிடித்த விரால் மீன்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. நல்ல தண்ணீர் மீன். உப்பு என்கிற பேச்சே இல்லை. எனக்கு வேண்டியது இதுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இது உயிரோடு இருக்கிறது. நான் கை காட்டினால்தான் அது சாகும். கடல் மீன் என்றால் செத்துப்போய் வந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதியும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். கூடைக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடி வந்தது. நான் கை காட்டினேன். அவள் ஒரு மீனை எடுத்து அதன் தலையில் ஒரே அடி அடித்தாள். என் காரியத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. விரத மாதத்தில் ஒரு மீனைக் கொல்லச் சொன்னது நான்தான்.

வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகவில்லை. பின்சாக்கடையைத் தாண்டி, வேலி ஓரமாக மூன்று செங்கல்லை வைத்தேன். செங்கல் சூளைகளால் பெயர் வாங்கிய பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கா பஞ்சம்? ஒரு பால் டின்னில் தண்ணீரை நிரப்பி மீனைப் போட்டேன். சதை கரைகிற வரை வேகவிட்டு, முள்ளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரோடு பிசைந்து வைத்தேன். பூனை தலையைக் குனிந்தது, டின் காலியாகும் வரை நிமிரவில்லை. நான் குழாயடிக்குப் போய்த் தலையோடு குளித்து, ஈரத்துணியோடு வீட்டுக்குள் போனேன். தினம் இரண்டு வேளையும் அப்படித்தான். என் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒருவேளைதான் சாப்பாடு என்ற நியமத்தையும் விடவில்லை, விளக்கும் விடவில்லை.

வாசனை வேலி ஓரத்தில் நிற்குமா? மூன்றாம் நாள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கா வந்து சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஏண்டி, ஆறு ஆம்பளைங்க உடம்புல வேல் குத்திக்கிட்டு மலையேறப் போறாங்க. நீ மீனு அவிக்கிற? ஒரு பூனைக்காகவா எங்க பொழப்புல மண்ணப் போடுற? என் வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"அக்கா, உங்க டின்னையும் கொண்டாந்துதானே இது முன்னால கொட்டுனீங்க? நாம எல்லாரும் சேந்து ஊட்டுன வெஷம் இது. நான் எடுக்குறேன், நீங்க ஒதவ வேணாம். வழியில நிக்காம இருந்தாப் போதும்."

அவள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். மஞ்சள் வேட்டி, தாடி, விபூதி. அவர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் குரல் என்னைத் தைத்தது.

"நிறுத்திரு புள்ள. தைப்பூசம் முடியட்டும், அப்புறம் என்ன வேணும்னாலும் அவிச்சுப் போடு."

"தைப்பூசம் வரைக்கும் அது இருக்காதுங்க."

"என் வேலைக்காகத்தான இவ்வளவும்? வேல போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் எங்க நிப்போம், நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேன். தெருவுல நின்னாலும் நிப்பேன். நான் போட்டதத் தின்னு இது துடிச்சுச் சாகுறத மட்டும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். முருகனுக்கு இது புரியலன்னா அவருகிட்ட நானே பேசிக்கிறேன்."

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றையிலிருந்து கோயில் மடத்திலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டார். அவருக்காகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்து வைத்த பாத்திரத்தில் நான் மட்டும் சமைத்து நான் மட்டும் சாப்பிட்டேன். அது வலித்தது. வலிக்கவில்லை என்று வீம்புக்குச் சொல்ல மாட்டேன். குழாயடியில் எனக்கு முறை கிடையாது என்றார்கள். எல்லாரும் பிடித்துவிட்டுப் போனபின் பிடித்தேன். எதிரே வருகிறவள் என்னைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெரு நடுவாக நடந்தேன்.

நடுவில் ஒரு நாள் விரால் கிடைக்கவில்லை. தொட்டி காலி. சீனத்துப் பெண் உப்புத் தூவாத கெம்போங் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தாள். எனக்குச் சந்தேகம். மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, அப்புறம்தான் அடுப்பில் ஏற்றினேன். மறுவேளை பூனை சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்தபோது எனக்கு உயிரே இல்லை. உட்கார்ந்தது, உட்கார்ந்தே இருந்தது. எழுந்து போனதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த சிமெண்டில் இரண்டு கை அகலத்துக்கு ஈரம். சிவப்பு இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பூனை மூத்திரத்தைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதும் கதையில் சேர்ந்துகொண்டது. சேரட்டும்.

தைப்பூசத்தன்று ஆறு காவடியும் கிளம்பின. காவடி எடுப்பவரின் மனைவி பால்குடத்தோடு கூட நடப்பது வழக்கம். என்னை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பால்குடத்தை எடுத்துக்கொண்டு தனியாக ரயில் ஏறிப் பத்துமலைக்குப் போனேன். கூட்டத்தில் அவர் காவடி தூரத்தில் தெரிந்தது. முதுகில் வேல்கள், முகத்தில் ஒரு சொட்டு வலி இல்லை. எனக்குக் கண் நிறைந்தது. அவர் பின்னாலேயே, இருபது முப்பது படி விட்டு ஏறினேன். குகைக்குள் என் முறை வந்தபோது பாலைக் கொடுத்துவிட்டு முருகனிடம் நேராகவே கேட்டேன்: "ஒரு வாயில்லா ஜீவன் பிழைத்ததில் உனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? இருந்தால் என்மேல் காட்டு. அந்த மனுஷன் சுத்தமாகத்தான் வந்திருக்கிறார்."

அடுத்த மாதம் பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இருந்தது.

செய்தி குழாயடிக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். "மீனு அவிச்ச வீடு வெளங்குமா" என்று அக்கா யாரிடமோ சொல்வது போல என்னிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது முழுப் பட்டியலும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆபீஸ் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆறு பேரில் நாலு பேர் பெயர் இருந்தது. அவள் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது.

"எங்க வீட்டுல மீனு வெந்துச்சு. உங்க வீட்டுல என்னக்கா வெந்துச்சு?" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடும்பம் நாகப்பட்டினம் கப்பலில் போனது. போகும்போது அவளும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, நானும் போய் நிற்கவில்லை.

பட்டியல் ஒட்டிய அன்றுதான் என் வீட்டுக்காரர் மடத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். தாடியை எடுத்திருந்தார். பின்வாசலில் உட்கார்ந்து, நான் வேலி ஓரத்தில் முள் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னால்தான் என்று சொல்லுவார், நான் பதில் வைத்திருந்தேன். வாய் வரை வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"கப்பல்ல பூனைய ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்க."

அவர் பூனையைப் பார்த்தார். பிறகு, "இங்க பக்கத்துல, சாலாக் செலாத்தான்ல ஒரு பலகை மில்லுல ஆள் கேக்குறாங்களாம். போயிப் பாக்குறேன்" என்றார்.

குவாட்டர்ஸைக் காலி செய்த அன்று ஒரு மாட்டுவண்டி பிடித்தோம். பாத்திரம், பாய், பெட்டி, கண்ணாடி போட்ட முருகன் படம், மார்க்கெட்டுக் கூடையில் பூனை. வண்டி கிளம்புகிற நேரத்தில் அவர் இறங்கிப் பின்பக்கம் போனார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கரி பிடித்த மூன்று செங்கல்லையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு.

"அது எதுக்குங்க? அங்க செங்கல்லா கிடைக்காது?"

"போனதும் அதுக்குப் பசிக்கும்ல. அப்ப போயி செங்கல் தேடிக்கிட்டு நிப்பியா?"

வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கேயே வைத்தார்.